முன் இடப்பக்கத்துச் சத்தம்

நான்கு வருடமாக ஓட்டிய என் காரின் அடிப்பாகத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது ஒரு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டுதான்.

தர்மபுரி பைபாஸ் ஓரத்தில் ஒரு சர்வீஸ் சென்டர். பெயர் வேண்டாம். எல்லா ஊரிலும் அவை ஒரே அச்சில்தான் இருக்கின்றன. உள்ளே ஏ.சி., காபி மெஷின், ஒரு மீன் தொட்டி. மீன் தொட்டிக்குப் பக்கத்தில் பெரிய கண்ணாடிச் சுவர். அதில் 'வாடிக்கையாளர்கள் உள்ளே வர அனுமதி இல்லை' என்று ஒட்டியிருந்தார்கள். மீன்களுக்கும் எங்களுக்கும் ஒரே சட்டம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் வெள்ளைக் காரைத் தலைக்கு மேலே தூக்கி வைத்திருந்தார்கள். நீல உடுப்புக்காரர் ஒருவர் கீழே நின்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் பட்ட இடத்தில் ஒரு சிவப்புப் பொட்டு தெரிந்தது. டார்ச் நகர்ந்தது. அங்கே இன்னொன்று. கொஞ்சம் தள்ளி இன்னும் இரண்டு. நட்டு இருந்த இடத்திலெல்லாம் மிளகளவுக்கு ஒரு சிவப்புப் பொட்டு.

பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அவை என் மனைவி மாதம்மாள் வைத்த பொட்டுகள். அவள் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு, அங்கே வண்டிகளைக் கவனிக்கிற பொறுப்பில் இருந்த பெண் வந்தாள். ரேவதி என்று வைத்துக்கொள்வோம். பாலக்கோடு பக்கத்துப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். ஸ்டீரிங் யூனிட் மொத்தமாகப் போய்விட்டது, மாற்ற வேண்டும், வாரண்டி இருப்பதால் செலவில்லை என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சார், வண்டியில வெளிய யாராச்சும் கை வெச்சாங்களா? அடியில மார்க் மார்க்கா இருக்குது. கம்பெனிக்காரங்க பாத்தாங்கன்னா வாரண்டி இல்லைன்னுடுவாங்க."

நான் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"இல்லீங்க. எங்க வூட்ல யாருக்கும் இதெல்லாம் தெரியாதுங்க."

இந்த வாரம் நான் எழுத உட்கார்ந்தது அந்த ஒரு பொய்யைப் பற்றித்தான்.

பட்டாவும் ஆர்.சி.யும்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்குத் தெரியும், நான் தாலுகா ஆபீஸ் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். இண்டூர் பக்கம் வீடு. வாழ்நாளெல்லாம் சங்கிலி பிடித்து, அடுத்தவர் நிலத்துக்கு எல்லை காட்டியவன்.

பட்டா உங்கள் பேரில் இருந்தால் நிலம் உங்களுடையது. அதில் கேழ்வரகு போடலாம், தக்காளி போடலாம், கிணறு வெட்டலாம், சும்மாவும் போட்டு வைக்கலாம். விதை விற்ற கடைக்காரர் வந்து, 'நீங்களே களை எடுத்தீர்களா, இனிமேல் விளைச்சலுக்கு நான் பொறுப்பில்லை' என்று சொல்ல மாட்டார். காருக்கு மட்டும் ஆர்.சி. புத்தகம் என் பேரில், இன்சூரன்ஸ் என் பேரில், டிராபிக் போலீஸ் போடுகிற அபராதம் என் பேரில். அடியில் இருக்கிற நட்டு மட்டும் கம்பெனி பேரில்.

சொந்தப் பொருளைத் தானே சரிசெய்துகொள்ளும் உரிமை என்று இப்போது ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. உதிரி பாகங்களையும் பழுது பார்க்கிற விவரங்களையும் கேட்கிறவர்களுக்கெல்லாம் கம்பெனிகள் கொடுக்க வேண்டுமாம். டி.வி.யில் நாலு பேர் கோட்டு போட்டுக்கொண்டு விவாதித்தார்கள். அவர்களில் ஒருவர் கையிலும் கிரீஸ் பட்ட அடையாளம் இல்லை. மாதம்மாள் இருந்திருந்தால் எதிரே உட்கார்ந்து அவர்களுக்குப் பதில் சொல்லியிருப்பாள். நான் பாதியிலேயே அணைத்துவிட்டேன்.

தொப்பூரில் ஒரு பட்டுப் புடவை

எங்கள் முதல் கார், ஒரு டாக்டர் ஓட்டிக் கைவிட்ட டீசல் வண்டி. நான் வாங்கியபோதே அதற்கு முக்கால் ஆயுள் முடிந்திருந்தது. வாங்கிய இரண்டாம் வாரம் சேலத்தில் ஒரு கல்யாணம். கிளம்பினோம். தொப்பூர் இறக்கத்தில் இருமி இருமி நின்றுவிட்டது.

நான் பானட்டைத் தூக்கினேன். தூக்கினால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது, ஆனால் ஆண்பிள்ளை தூக்காமல் இருக்க முடியாது. கொஞ்ச நேரம் ஆழ்ந்து யோசிப்பவன் போல நின்றேன்.

மாதம்மாள் பட்டுப் புடவையோடு இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள். "டீசல்ல காத்து பூந்துகிச்சுங்க" என்றாள். கம்பைநல்லூரில் அவர்கள் வீட்டுக் கிணற்றில் ஆயில் இன்ஜின் ஓடியது. அதுவும் அப்படித்தான் அடிக்கடி நிற்குமாம். பள்ளிக்கூடம் போகும் முன் அதைக் கிளப்பிவிட்டுப் போவது அவள் வேலையாக இருந்திருக்கிறது. கல்யாணமாகி ஐந்து வருடம் வரைக்கும் இதை அவள் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

எங்களிடம் ஒரு ஸ்பேனர்கூட இல்லை. ஓரமாக நின்றிருந்த லாரி டிரைவரிடம் கேட்டேன். அவர் என் கையில் கொடுத்தார். என் கையிலிருந்து அவள் வாங்கிக்கொண்டாள். டிரைவர் டீ குடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

ஒரு திருகைத் தளர்த்தினாள். ஒரு சின்ன பம்பை அமுக்கிக்கொண்டே இருந்தாள். டீசல் நுரை நுரையாக வந்தது. நுரை நின்று வெறும் டீசல் வந்ததும் திருகை இறுக்கிவிட்டு, "இப்ப எடுங்க" என்றாள். வண்டி கிளம்பியது. கல்யாணத்தில் அவளைச் சுற்றி டீசல் வாசனை. தாம்பூலம் கொடுக்க வந்தவர்கள் என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

இரண்டு பாதங்கள்

அதற்குப் பிறகு அந்த வண்டி அவள் வண்டியாகிவிட்டது. வேலிக்கு நடுகிற கருங்கல் தூண்களை வாங்கி, வீட்டுக்குப் பின்னால் இரண்டு வரிசையாக அடுக்கி, சரிவாக ஏறும்படி ஒரு மேடை கட்டச் சொன்னாள். கார் அதில் ஏறி நின்றால் நடுவே ஒரு ஆள் படுத்துக்கொள்ளலாம். என் வேலை, வண்டியை ஏற்றுவது, சக்கரத்துக்குப் பின்னால் கல் வைப்பது, கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பது, யோசனை சொல்லாமல் இருப்பது.

அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "நீங்க ஓட்டுங்க, நான் சத்தம் கேக்கறேன்" என்பாள். அதனால் எங்கள் காரில் பாட்டு கிடையாது. பக்கத்து இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தூங்குகிறாள் என்று நினைப்பேன். திடீரென்று, பின் சக்கரத்தில் ஏதோ உரசுகிறது என்பாள். போய்ப் பார்த்தால் உரசியிருக்கும்.

காருக்கு அடியில் படுத்திருக்கும்போது வெளியே தெரிவது அவள் பாதங்கள் மட்டும்தான். இரண்டாம் விரலில் மெட்டி. வெடிப்பு விழுந்த குதிகால். நேரில் உட்கார்ந்து பேசாத விஷயமெல்லாம் அடியில் படுத்துக்கொண்டுதான் பேசுவாள். மகளை ஓசூரில் கட்டிக்கொடுக்கலாமா என்பதை அங்கேதான் முடிவு செய்தோம். முதல் குழந்தை தங்காமல் போனதைப் பற்றி அவள் என்னோடு பேசிய ஒரே தடவையும் அங்கேதான். எங்கள் கல்யாண வாழ்க்கையில் பாதிப் பேச்சை நான் அந்த இரண்டு பாதங்களைப் பார்த்துத்தான் பேசியிருக்கிறேன். அந்தப் பாதங்களுக்காக இன்றைக்கும் ஏங்குகிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பொட்டு அவளுடைய சொந்த ஏற்பாடு. ஆயுத பூஜையன்று எல்லோரும் வண்டிக்கு முன்னால் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். மாதம்மாள் அதோடு நிற்க மாட்டாள். கல்லூரிக்குப் போகும்போது மகள் விட்டுப்போன நெயில் பாலிஷ் பாட்டிலை எடுத்துக்கொண்டு அடியில் படுப்பாள். ஒவ்வொரு நட்டையும் இறுக்கிப் பார்த்துவிட்டு, அதன் மேல் ஒரு பொட்டு. பாதி நட்டின் மேலும் பாதி பக்கத்து இரும்பின் மேலும் படுகிற மாதிரி வைப்பாள்.

குங்குமம் வைக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"குங்குமம் மழைக்குப் போயிடுங்க. இது போவாது. அடுத்த வாட்டி பாக்கறப்ப பொட்டு ரெண்டா பொளந்து கெடந்துதுன்னா, நட்டு லூசாயிடுச்சுன்னு அர்த்தம். ரெண்டு பாதியும் சேர்ற வரைக்கும் முறுக்கிட்டாப் போதும். நீங்ககூட செய்யலாம்."

அந்த 'நீங்ககூட' எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. சிரித்து வைத்தேன்.

ஒரே விலாசம்

ஓய்வு பெற்ற பணத்தில் புதுக் கார் வாங்கினோம். வந்த அன்றைக்கே மாதம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கூடவே வந்த புத்தகத்தைக் கையில் எடுத்தாள். பழைய வண்டிக்கும் ஒரு புத்தகம் இருந்தது. எதை எப்படிக் கழற்றுவது, எவ்வளவு இடைவெளி விடுவது என்று படம் போட்டுச் சொல்லிக்கொடுக்கும். பக்கமெல்லாம் அவள் பென்சில் கோடு.

புதுப் புத்தகம் தமிழிலேயே இருந்தது. விளக்கு எரிந்தால் அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தை அணுகவும். சத்தம் வந்தால் அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தை அணுகவும். பெல்ட்டு, பிரேக், பேட்டரி, எதைத் திருப்பினாலும் அதே வரிதான். அரை மணி நேரம் படித்துவிட்டு மூடி வைத்தாள்.

"இது பொஸ்தகமா, போஸ்ட் கார்டாங்க? எதக் கேட்டாலும் ஒரே விலாசத்தயே சொல்லுது."

அந்த வருட ஆயுத பூஜைக்குப் புதுக் காரும் கல்மேடை ஏறியது. வேண்டாம், வாரண்டி போய்விடும் என்று நான் பயந்தேன். எதையும் கழற்ற மாட்டேன், இறுக்கிப் பொட்டு மட்டும் வைக்கிறேன் என்றாள். அப்புறமும் நான் முணுமுணுத்துக்கொண்டே நிற்க, அடியிலிருந்து குரல் வந்தது.

"வண்டி நம்மளதுங்க. அடியில என்ன இருக்குதுன்னு தெரியாமயே ஏறி ஒக்காரச் சொல்றீங்களா?"

பாதங்களுக்கு என்ன பதில் சொல்வது? ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன்.

வூட்டுக்கு வந்ததும்

சென்ற வருடத்துக்கு முந்தின வருடம், மழை விட்ட சமயம். மாதம்மாளுக்கு நாலு நாள் காய்ச்சல், அதற்கு மேல் வயிற்று வலி. தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வழக்கம்போல பக்கத்து இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். வழியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடை உண்டு. வண்டி அதில் ஏறி இறங்கியது. எனக்கு எதுவும் கேட்கவில்லை. எனக்கு அப்போது எதைக் கேட்கிற புத்தியும் இல்லை.

அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "முன்னால இடது பக்கம் என்னமோ தட்டுதுங்க. வூட்டுக்கு வந்ததும் பாக்கறேன்."

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தாள். பார்க்கிற நிலையில் வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்து நான் முதல்முறை தனியாகக் காரை எடுத்தபோது, அதே வேகத்தடையில் எனக்கும் கேட்டது. இடது பக்கம், முன் சக்கரத்துக்கு மேலே, 'டொக்' என்று ஒரு தட்டு. அதற்குப் பிறகு எந்தக் குழியில் இறங்கினாலும் கேட்டது. ஒவ்வொரு முறையும் பின்னாலேயே அவள் குரலும் வந்தது. வூட்டுக்கு வந்ததும் பாக்கறேன்.

ஓசூரிலிருந்து வந்த மகள், என்னப்பா இந்தச் சத்தம், சர்வீஸுக்கு விடுங்கள் என்றாள். விடுகிறேன் என்று ஒரு வருடம் கடத்தினேன். அது மாதம்மாள் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போன வேலை. அது பாக்கி இருக்கிற வரைக்கும் அவள் வர வேண்டியிருக்கிறது என்று ஒரு நினைப்பு. அறுபதைத் தாண்டியவன் வெளியே சொல்லக்கூடிய நினைப்பு இல்லைதான். ஆனால் அதோடுதான் நான் காரை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு நாள் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஸ்டீரிங் கல்லாகிவிட்டது. இரண்டு கையாலும் இழுத்துத் திருப்ப வேண்டியிருந்தது. புத்தகம் சொன்ன அந்த ஒரே விலாசத்துக்குப் போனேன். வேறு ஏதாவது குறை உண்டா என்று ரேவதி கேட்டாள். சத்தத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

ஒரு சின்ன பாட்டில்

எங்க வூட்ல யாருக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேனே, அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் போயிருக்கும். கண்ணாடிப் பக்கம் போகவே கூசியது. மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரேவதி வந்தாள். முகத்தில் ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி. "சார், பயப்படாதீங்க. கிளெய்ம் போட்டாச்சு. போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடியே மார்க்கெல்லாம் தொடைக்கச் சொல்லிட்டேன்" என்றாள். அது பெயின்ட் இல்லை, நெயில் பாலிஷ் என்று அவள் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டாள். தன் கைப்பையிலிருந்த ரிமூவர் பாட்டிலையே எடுத்து மெக்கானிக்கிடம் கொடுத்திருக்கிறாள். ஒரு பொட்டு விடாமல் துடைத்தாகிவிட்டதாம்.

என் முகத்தைப் பார்த்து நான் நம்பவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, போனில் படத்தைக் காட்டினாள். பளபளவென்று வெறும் இரும்பு.

"யாருகிட்டயும் சொல்லலீங்க சார். பொம்பளைங்க வெச்ச மாதிரி இருந்துச்சு, அதான்" என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். என் வீட்டுக்காரி வைத்ததம்மா, அவளுக்குத் தெரியாத நட்டு கிடையாது என்று. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் கிளெய்ம் போட்டாகிவிட்டது, கையெழுத்தும் போட்டாகிவிட்டது. "ரொம்ப நன்றிங்க" என்றேன். அவள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபமில்லை. நான் பொய் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு அந்த உதவியைச் செய்ய வேண்டிய வேலையே வந்திருக்காது.

ஸ்டீரிங் வெண்ணெய் மாதிரி திரும்பியது. வரும் வழியில் பள்ளிக்கூடத்து வேகத்தடை வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏற்றி இறக்கினேன்.

டொக்.

அப்பாடா என்று இருந்தது. அதையாவது விட்டு வைத்தார்களே என்று வாய்விட்டே சொன்னேன்.

இரண்டு பாதி

மறுநாள் காலை காரைக் கல்மேடையில் ஏற்றினேன். சக்கரத்துக்குக் கல் வைத்தேன். ஒரு பொட்டாவது தப்பியிருக்காதா என்ற ஆசைதான். பழைய சாக்கை விரித்து அடியில் நுழைந்தேன். அவள் படுத்த இடத்தில் நான் படுத்தது அதுதான் முதல் தடவை. முதுகில் கல் உறுத்தியது. வருடக்கணக்காக இதில் படுத்தவள் ஒரு நாளும் உறுத்துகிறது என்று சொன்னதில்லை.

அடியில் ஒன்றுமில்லை. ரேவதி சொன்னால் சொன்னபடிதான். வெளியே வந்து ஸ்டீரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பிவிட்டு, சக்கரங்களுக்கு உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். வலது பக்கம் இல்லை. இடது பக்கம், சக்கரத்துக்குப் பின்னால், அடியிலிருந்து பார்த்தால் தெரியாத உயரத்தில் ஒரு நட்டு. அதன் மேல் சிவப்பு.

கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். பொட்டு இரண்டாகப் பிளந்திருந்தது. ஒரு பாதி இரும்பின் மேலேயே இருந்தது. மற்றப் பாதி நட்டோடு சுற்றி, கால் வட்டம் தள்ளிப் போயிருந்தது.

முன்னால், இடது பக்கம். கண்ணை மூடிக்கொண்டே சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டேன். இறுக்கினால் வாரண்டி போகும் என்று என் பழைய பயம் ஒரு பக்கம் முனகியது. அதை விடுங்கள். இறுக்கினால் சத்தம் போய்விடும். சத்தம் போனால் அவள் பார்க்க வேண்டிய வேலை எதுவும் இந்த வீட்டில் மிச்சமில்லை. இறுக்காமல் விட்டால், பொளந்த பொட்டைப் பார்த்த பிறகும் சும்மா இருந்தவன் ஆவேன். வெயில் முதுகுக்கு ஏறியிருந்தது.

அவளுடைய ஸ்பேனர்கள் பழைய புடவைத் துணியில் சுற்றியபடியே இருந்தன. மூன்றாவது ஸ்பேனர் பொருந்தியது. எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று தெரியவில்லை. திருப்பினேன். பாதிகள் இன்னும் விலகின. பதறிப்போய் மறுபக்கம் திருப்பினேன். நெருங்கி வந்தன. கடைசியில் கொஞ்சம் மூச்சைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. இரண்டு பாதியும் ஒன்றாகச் சேர்ந்து முழுப் பொட்டானதும் கையை எடுத்தேன். நீங்ககூட செய்யலாம் என்று அவள் சொன்னது சரிதான்.

ரேவதி என்பது நான் மாற்றி வைத்த பெயர். அந்தப் பெண்ணுக்கு வேலை முக்கியம். கம்பெனிக்காரர்கள் கேட்க வேண்டியது என்னைத்தான். அன்று நான் சொன்னது பொய். எங்கள் வீட்டில் இதெல்லாம் தெரிந்த ஒருத்தி இருந்தாள். பெயர் மாதம்மாள், கம்பைநல்லூர்க்காரி. அந்தப் பொட்டெல்லாம் அவள் வைத்தவை. மிச்சமிருந்த ஒன்றை இறுக்கியவன் நான். வாரண்டி போவதென்றால் போகட்டும்.

கையைக் கழுவிக்கொண்டு காரை எடுத்தேன். பள்ளிக்கூடத்து வேகத்தடையில் ஏற்றி இறக்கினேன். சத்தம் வரவில்லை. கொஞ்ச தூரம் போய்த் திருப்பிக்கொண்டு வந்து, இன்னும் மெதுவாக ஏற்றினேன். வரவில்லை. மறுபடியும் திருப்பினேன். பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் எழுந்து நின்று பார்த்தார். இந்த முறை ஜன்னலையெல்லாம் ஏற்றிவிட்டு, ஏ.சி.யை அணைத்துவிட்டு, இடது பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு ஏற்றி இறக்கினேன்.

ஒன்றுமே கேட்கவில்லை. அவள் வேலை எப்போதும் சுத்தம்.